சிகாகோவில் தமிழ் லெக்சிகன்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் தம் இல்லத்தில் வைத்திருக்கும் பேறு பெற்றோர் நம்மில் மிகச் சிலர். ஆறு பெருந்தொகுதிகள், அவற்றுக்கு மேல் ஓர் அநுபந்தம். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் மாற்றப்படும் உத்தியோகக் குடும்பங்கள் அவற்றைச் சுமந்து திரிய இயலுமா? அந்நூல் இன்று அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தார் முன்னின்று தொகுத்த தெற்காசிய அகராதித் திரட்டில், இணையத்தின் வழியே, எவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஃபப்ரீசியசின் அகராதியும், 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியும் அதன் அருகிலேயே உள்ளன. கலைக் கல்வியையும் கணிப்பொறியையும் இணைக்க முயலும் நூலகப் பணிகளுள் நம் இல்லங்களுக்கு நேரே பயன்படுவது இதுவே. இதனைப் பாராட்டியோர் பலர். பயன்படுத்திப் பார்த்து மதிப்பிட்டோர் சிலரே ஆதலின், அப்பணியை ஒருவாறு இங்கே செய்ய முற்படுகிறேன்.

லெக்சிகன் வேலை 1913-இல் சாண்ட்லர் பாதிரியாரின் தலைமையில் தொடங்கிற்று. 1926-இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியரானார். முதற்பகுதி 1924-இலும், ஆறாந்தொகுதியின் நிறைவு 1936-இலும், அநுபந்தம் 1939-இலும் வெளிவந்தன. சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் கூறி, ஆட்சிக்கு இலக்கியமும் காட்டுவது அதன் முறை. இம்முறையின் முழுப்பயன் அச்சுநூலில் வெளிப்படவில்லை. கணிப்பொறியில்தான் வெளிப்பட்டது என்பது என் கருத்து. அச்சுநூலில் தமிழ்ச்சொல் தெரிந்தவனே பொருளை அறியலாம். இங்கோ பொருள் தெரிந்தவன் சொல்லையும் அறியலாம்.

மல்லிகையினத்துக்குரிய ஆங்கிலப் பெயரைக் கொடுத்துப் பதிவுகளின் வாசகம் முழுவதிலும் தேடச் செய்தால், மல்லிகை, முல்லை, மௌவல், தளவம் என ஒரு பூக்கூடையே வந்து நிற்கும். ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் நம் வீட்டுக் குழந்தைக்கு இதைவிட நல்ல வாயில் வேறில்லை. தெலுங்கு நிகரையும் கன்னட நிகரையும் சேர்த்துக் காண விழைவோர்க்குப் பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் அதே திரட்டில் உள்ளது. பெங்களூரில் வளரும் சிறுவன், நம் ‘பால்’ அவன் தெருவில் ‘ஹாலு’ ஆனதை அங்கே கண்டு வியப்பான்.

இன்னொரு பயன் இதனினும் அருமையானது. வட்டார வழக்குகளுக்கு லெக்சிகன் தனிக் குறிகள் இட்டுள்ளது. திருநெல்வேலிக்கு ஒன்று, நாஞ்சில் நாட்டுக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று. நூலில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் சிதறிக் கிடந்த இவற்றை, அக்குறியைத் தேடியே ஓரிடத்திற் கூட்டலாம். பாட்டி சொல்லிக் கேட்ட சொல், ‘கொச்சை’ என்று நாமே நாணி ஒதுக்கிய சொல், அங்கே பேரறிஞர்களின் கையொப்பத்தோடு இருக்கக் காணலாம். இத்தகைய வட்டார அகராதி ஒன்றைத் தனியே தொகுக்க வேண்டுமென்று பதிப்பாசிரியர் எண்ணினாரோ இல்லையோ, அதற்குரிய பண்டம் முழுவதையும் அவர் சேமித்து வைத்துப் போனார்.

குறைகளுக்கு வருவோம். மேற்கூறிய குறிகளின் விளக்கம் அச்சில் முதற்றொகுதியின் முகப்பில் உள்ளது. திரையில் நேரே ஒரு சொல்லிற் போய் இறங்குபவன் அம்முகப்பைக் கடந்து வருவதில்லை. பதிவிலோ குறி குறியாகவே நிற்கிறது. இதனால் விளைவது சிறு இடர் அன்று. மௌவலும் தளவமும் குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசையில் வருவன. மல்லிகையோ இன்றும் தெருவில் விற்பது. திரையில் மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் நிற்கின்றன. மேற்கோட் குறியைப் படிக்கத் தெரியாத சிறுமி, பூக்காரியிடம் ‘ஒரு முழம் மௌவல்’ கேட்டால் குற்றம் அவளுடையதன்று.

ஒலிபெயர்ப்பும் ஒரு முட்டுக்கட்டையே. லெக்சிகன் ழகரத்தை ஆங்கில லகர எழுத்தின் அடியிற் கோடிட்டு எழுதும். றகர னகரங்களுக்கும் அடிக்கோடே. நம் பிள்ளைகளோ தம் பெயரிலும் ஊர்ப்பெயரிலும் வரும் ழகரத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதிப் பழகியவர்கள். அப்பழக்கத்தோடு ‘பழம்’ தேடப் புகுபவன் வெறுங்கையோடு திரும்புவான். தமிழெழுத்தில் தேடுவோர்க்கு இத்தொல்லை இல்லைதான். ஆனால் அவ்வெழுத்தை அறியாதவனுக்கன்றோ துணை மிகுதியும் வேண்டும்?

‘கணினி’ இல்லையே என்று லெக்சிகனைக் குறை கூறுவோரும் உளர். 1930-களில் முடிந்த நூலில் அதனைத் தேடுவது முறையன்று. ஆயினும் அகராதியின் காலவெல்லை பதிவுதோறும் கண்ணிற் படுமாறு அமைந்திருப்பின் இம்மயக்கம் நேராது. பழுப்பேறிய தாளே அச்சுநூலில் அதன் வயதைச் சொல்லிவிடும். திரைக்கு வயது தெரிவதில்லை.

குறிவிளக்கத்தை நாமே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொள்ளலாம். வட்டாரக் குறிகளை மட்டும் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். நூற்பெயர்ச் சுருக்கங்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். வட்டாரக் குறிகளை எழுதி முடித்துவிட்டேன். நூற்பெயர்களில் இப்போது ககர வரிசையில் நிற்கிறேன்.