இரண்டு தண்ணீர்ப் பாட்டுகள்

ஆள் அகப்பட்டால் எனக்குப் பிடித்த பழைய பாட்டைச் சொல்லிக் காட்டுவது என்னிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம். வந்தவர் வேறு ஏதோ காரியமாக வந்திருப்பார். ஒரு கையெழுத்து வாங்கவோ, கல்யாணப் பத்திரிகை கொடுக்கவோ வந்திருப்பார். அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் பாட்டைத் தொடங்கி விடுவேன். மழைக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முதல் தூறலுக்கே முக்கூடற் பள்ளு வாய்க்கு வந்துவிடும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே ஸ்ரீவைகுண்டத்தில் மழை. பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆற்றில் வெள்ளம் வரப்போவதற்கு அடையாளம் சொல்லும் அந்தப் பாட்டை எனக்குத் தெரிந்த ராகத்தில் பாடினேன். ஆச்சியும் தலையை ஆட்டிக் கேட்டாள். இரவு தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் மொட்டை மாடியில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு வீட்டுக்காரர்களும் ஒடுங்கிக்கொண்டிருந்தபோது ஆச்சி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பாடிப் பாடிக் கூப்பிட்டியே ஐயா, வந்துட்டு பாத்தியா!"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பாட்டு என் வாயில் வரவில்லை. ஒரு பாட்டு நல்ல பாட்டா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு உண்மையாகவே எழுந்தது. அதுவரை அந்தக் கேள்விக்கு நான் மேடையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மேடையில் நான் சொல்லி வந்தது இதுதான். தாமிரபரணிக் கரையில் தண்ணீரைப் பற்றி இரண்டு பேர் பாடியிருக்கிறார்கள். ஒருவர் எங்கள் ஊர்க்காரரான குமரகுருபர சுவாமிகள். பதினேழாம் நூற்றாண்டு. ஐந்து வயது வரை பேச்சு வராமல் இருந்து, திருச்செந்தூர்ச் சந்நிதியில் பேச்சு வந்து, கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு. பிறகு காசிக்குப் போய் அங்கே மடம் கண்டவர். அவருடைய நீதிநெறி விளக்கத்தைப் படிக்காத பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருக்க முடியாது. நூலின் தொடக்கத்திலேயே இளமையையும் செல்வத்தையும் உடம்பையும் எடுத்துக்கொண்டு, மூன்றுக்கும் தண்ணீரிலிருந்தே உவமை சொல்கிறார். முதலாவது குமிழி; இரண்டாவது சுருண்டு விழும் அலை; மூன்றாவது தண்ணீரில் எழுதிய எழுத்து.

இன்னொன்று முக்கூடற் பள்ளு. எங்கள் ஊருக்கு மேற்கே, சீவலப்பேரியில், சிற்றாறு முதலியவை தாமிரபரணியோடு கலக்கும் இடந்தான் முக்கூடல். அங்குள்ள அழகரைத் தலைவராக வைத்துப் பாடிய நூல். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பள்ளன், அவனுக்கு இரண்டு பெண்டாட்டிகள். மூத்தவளுக்கு ஊர் முக்கூடல். இளையவளுக்கு ஊர் மருதூர். ஒருத்தி பெருமாள் கட்சி, இன்னொருத்தி சிவன் கட்சி. இருவரும் சண்டை போட்டுக்கொள்ளும்போது அவர்கள் வாயில் அகப்பட்டு இரண்டு தெய்வங்களும் படுகிற பாடு சொல்லி முடியாது. மு. அருணாசலம் பதிப்பித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரப் படித்திருக்கிறேன்.

இந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்வேன்: "குமரகுருபரருக்குத் தண்ணீர் ஓர் உதாரணம். உபதேசம் செய்ய ஏதாவது வேண்டும், கைக்கெட்டியது தண்ணீர். பள்ளு பாடினவருக்குத் தண்ணீர் தண்ணீரேதான்; அதில் தவளை கத்துகிறது, மீன் துள்ளுகிறது. ஆகையால் முன்னது நீதி, பின்னது கவிதை." கேட்டவர்கள் கை தட்டினார்கள். கை தட்டியதால் நானும் அதை மாற்றவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு தீர்ப்பை மாற்றவேண்டி வந்துவிட்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்தப் பக்கத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற அளவு ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. ஆற்றில் வந்த தண்ணீர் ஒன்று. சமவெளியில் பெய்து, குளங்களை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் மற்றொன்று. ஏரல் கடைத்தெரு மூழ்கியது. வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பிரயாணிகளோடு எங்கள் ஸ்டேஷனில் வந்து நின்றது. அதற்கு மேல் செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் கீழே ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

தண்ணீர் வடிந்த பிறகு வெயில் அடித்தது. தெரு முழுவதும் காகிதங்கள் காய்ந்தன. வீட்டுப் பத்திரம், பாஸ்புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், ஜாதகம் எல்லாவற்றையும் படிக்கட்டிலும் மதில்மேலும் விரித்து, பறந்துவிடாமல் மேலே கல்லை வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வாழை விவசாயி, பாட்டத்துக்குப் பயிர் செய்கிறவர், ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க படிச்சவுக. இதிலே என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

நிலத்துக்காரர் பாட்டத்துக்கு எழுதிக்கொடுத்த தாள் அது. மையெல்லாம் கரைந்து, தாள் முழுவதும் ஒரே நீல நிறமாக இருந்தது. கீழே ஒரு கோணத்தில் கையெழுத்தின் சுழி ஒன்று மட்டும் மிச்சம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது குமரகுருபரர் வந்துவிட்டார். நான் அழைக்கவில்லை. தண்ணீரில் எழுதிய எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட உவமை என் கையில் ஈரத்தோடு இருந்தது. அது உவமை என்றே தோன்றவில்லை. கண்ணால் கண்ட விஷயமாக இருந்தது. ஆற்றங்கரையில் பிறந்த ஒரு பிள்ளை, பேச வராத காலத்தில், எத்தனை நாள் இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்குமோ! கைக்கெட்டியது தண்ணீர் என்று நான் ஏளனமாகச் சொன்னது எவ்வளவு அவசரம்! அவர் அதை எட்டி எடுக்கவில்லை, அதற்குள்ளேயே இருந்தவர்.

இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பாட்டை அந்த விவசாயிக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பாவம். "எல்லாம் நீர்க்குமிழி" என்பதைத் தாளைப் பறிகொடுத்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறவன் அவனுக்கு எடுத்துச் சொல்லக் கூடாது. பாட்டு உண்மையாக இருப்பது மட்டும் போதாது. யார் வாயில், யார் காதுக்கு என்பதும் இருக்கிறது. நீதி நூல்களை ரசிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, பள்ளு என்ன ஆயிற்று? புத்தகம் பரணில் இருந்ததால் பிழைத்தது. ஆறேழு மாதம் கழித்து எடுத்தேன். ஆச்சியின் பேச்சு காதில் இருக்கும்போதே அந்தக் குறிப் பாட்டை மெதுவாகப் படித்தேன், பாடவில்லை.

இத்தனை வருஷமாகப் பாடியும் நான் கவனிக்காதவை அதில் இருந்தன. முதலாவது, அது வந்த வெள்ளத்தின் பாட்டு அல்ல. நாளை வரப்போகிற வெள்ளத்தின் பாட்டு. ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. மின்னல் மலையாளத் திசையிலும் தெரிகிறது, ஈழத்துத் திசையிலும் தெரிகிறது. இதைக் கவிஞரின் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அலங்காரமா அது? மேற்கே பொதிகையில் தென்மேற்குப் பருவம், கிழக்கே கடல் பக்கம் வடகிழக்குப் பருவம். காரும் பிசானமும் விளைகிற இந்தப் பள்ளத்தாக்கின் ஜாதகமே அந்த இரண்டு மின்னலில் இருக்கிறது. எந்தப் பக்கத்து வானத்தையும் விடாமல் பார்க்கத் தெரிந்த ஒருவனின் பாட்டு அது.

இரண்டாவது, அந்த நண்டு. சேற்றில் வாழும் நண்டு, தண்ணீர் புகாதபடி தன் வளையைச் சேற்றால் அடைக்கிறது. வானம்பாடியும் தவளையும் கொண்டாடுகிற பாட்டில், ஒரு ஜீவன் மட்டும் ஆடாமல் பாடாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் எப்போதும் வானம்பாடியோடு சேர்ந்து ராகம் இழுத்துவிட்டு நண்டைத் தாண்டிப் போய்விடுவேன். கவிஞர் தாண்டவில்லை. வெள்ளம் வருவது சந்தோஷந்தான். வளையை அடைத்துவிட்டுச் சந்தோஷப்படு என்பது போல நண்டைக் கூட்டத்தின் நடுவே வைத்திருக்கிறார்.

நாம் என்ன செய்தோம்? தாமிரபரணியில் அணைக்கட்டுகள் எட்டு. ஏழு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நம்மவர்கள் கட்டியவை. எட்டாவதும் கடைசியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் கட்டியது. அதிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு பிரிந்து, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடல் பக்கம் போகின்றன. அணையில் மண் மேடிட்டு, தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் செடி முளைத்ததைப் பல வருஷம் பார்த்தோம். மேலே ஆற்றில் மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தோம். இந்த ஊரில் பிறந்த ஆர். நல்லகண்ணு கோர்ட்டுக்குப் போய், 2010-இல் மணல் அள்ளுவதற்குத் தடை வாங்கினார். மற்றவர்கள் வளையைத் தோண்டினோமே தவிர அடைக்கவில்லை. குளத்தங்கரையைப் பார்க்காமல் பள்ளுப் பாடிய என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் விமர்சனம் அல்ல. பாட்டின் முடிவில் ஆடுகிறவர்கள் பண்ணைச் சேரியின் ஜனங்கள். நிலம் அவர்களுடையதல்ல, தண்ணீர் வந்தால் வேலை உண்டு, வேலை உண்டானால் கூலி நெல் உண்டு என்பதே அவர்கள் ஆட்டத்துக்குக் காரணம். அதே நூலில் பண்ணைக்காரன் அந்தப் பள்ளனைத் தொழுவில் மாட்டி வதைக்கிறான். அதையும் நூல் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டு போகிறது. நானும் அங்கே சிரித்தவன்தான். இன்று அந்த ஜனங்கள் அந்தப் பெயரையே வேண்டாமென்று தள்ளி, தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரை 2021-இல் பார்லிமெண்டின் சட்டத்தின் மூலம் பெற்றுவிட்டார்கள். இனி அந்தப் பகுதியை யாரும் பழைய மாதிரிச் சிரித்துக்கொண்டு படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். ஆனாலும் நூலைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். நெல்லில் எத்தனை வகை, மாட்டில் எத்தனை வகை, மீனில் எத்தனை வகை என்று சொல்லிக்கொண்டே போகிற அந்த அறிவு யாருடையது? பண்ணைக்காரனுடையது அல்ல. புலவர் தாமே வயலில் இறங்கிக் கண்டதாகவும் தோன்றவில்லை. சேற்றில் நின்றவர்களிடம் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். நூலின் உயிர் அவர்கள் கொடுத்தது. சிரிப்பு மட்டுமே பண்ணை வீட்டுத் திண்ணைக்காகச் சேர்த்தது.

ஆகவே என் தீர்ப்பு இப்போது வேறு. நீதி என்று ஒதுக்கியது கண்ணால் கண்டதாக ஆயிற்று. வெறும் கொண்டாட்டம் என்று நினைத்தது எச்சரிக்கையாக ஆயிற்று. இரண்டும் வெள்ளத்தில் நனைந்தும் நைந்து போகவில்லை. எனக்குப் பிடித்த வேறு சில பாட்டுகள் நைந்துவிட்டன. அவற்றின் பெயரைச் சொல்லி யார் மனத்தையும் புண்படுத்துவானேன்?

ஒரு குறை மட்டும் மிச்சம். முன்பெல்லாம் பஞ்சம் வந்தால் பஞ்சக் கும்மி, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து என்று அச்சடித்துச் சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்பார்கள். எழுத்துப் பிழை மலிந்த நூல்கள். புலவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் எந்த ஊரில் எந்தக் கரை உடைந்தது, யார் யாருக்குச் சோறு போட்டார் என்பது அதில் இருக்கும். 2023 வெள்ளத்துக்கு என் கையில் அப்படி ஒரு சிந்து அகப்படவில்லை. ஸ்டேஷன் இருப்பது ஆற்றின் தென்கரையில், புதுக்குடியில். ரயிலில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு அந்த ஊர் ஜனங்கள், தங்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்கும்போது, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். 19-ஆம் தேதி மீட்பு ஆட்கள் வந்து பிரயாணிகளை அழைத்துப் போகும் வரை அந்தச் சோறுதான் அவர்களைத் தாங்கியது. முகம் தெரியாத அத்தனை பேருக்கும் உலை வைத்த அந்தக் காரியம் ஒரு சிந்துக்குப் போதாதா? செல்போனில் படம் இருக்கிறது என்கிறார்கள். படத்தை யார் பாடுவது?

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் தூறல் விழுந்தது. ஆச்சி திண்ணையில் இருந்தாள். நான் சும்மா நின்றேன்.

"என்ன ஐயா, பாட்டைக் காணோம்?" என்றாள்.

"வேண்டாம் ஆச்சி. வந்துரும்."

"வரத்தானே வேணும்? வராட்டா என்னத்தைத் திங்க?" என்று சொல்லிவிட்டு, "குளத்துக் கரையை அடைச்சாச்சான்னு கேட்டுட்டுப் பாடு" என்றாள்.

நூலில் நண்டு செய்ததை ஆச்சி வாயால் சொல்லிவிட்டாள். படிக்காத வாசகர்கள் முக்கூடற் பள்ளை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.