எண்ணிக்கையில் சிக்காத ஊர்: ரேமண்ட் வில்லியம்ஸின் 'பார்டர் கன்ட்ரி'

பண்பாட்டு ஆய்வு என்று பேச்செடுத்தால் ரேமண்ட் வில்லியம்ஸ் பெயர் வந்துவிடும். 'கல்ச்சர் அண்ட் சொசைட்டி' (1958), 'கீவேர்ட்ஸ்' (1976) இரண்டும் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவர் நாவலும் எழுதினார் என்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பேராசிரியர் ஓய்வு நேரத்தில் எழுதிப் பார்த்த கதைகள், அவ்வளவுதான் என்கிற தொனி. எனக்கு இதில் உடன்பாடில்லை. அவரது முதல் நாவலான 'பார்டர் கன்ட்ரி' (1960), அவருடைய கோட்பாட்டு நூல்களுக்கு எட்டாத ஓர் இடத்தைத் தொட்டிருக்கிறது.

வில்லியம்ஸ் பிறந்தது 1921இல், பாண்டி என்ற கிராமத்தில். நம்ம பாண்டிச்சேரி இல்லை. வேல்ஸ், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய மலையடிவாரம். அப்பா ரயில்வே சிக்னல்மேன். மகன் கேம்பிரிட்ஜில் படித்தார், இரண்டாம் உலகப்போரில் நார்மண்டியில் டாங்கிப் படையில் இருந்தார். போர் முடிந்ததும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்பில், கல்லூரிக்குப் போக வாய்ப்பில்லாத பெரியவர்களுக்குச் சுமார் பதினைந்து வருடம் வகுப்பெடுத்தார். 1961இல் மறுபடி கேம்பிரிட்ஜ். 1974இல் அங்கே நாடகத்துறைப் பேராசிரியர். 1988இல் மறைந்தார். 'பார்டர் கன்ட்ரி'யை அந்த வகுப்புக் காலத்தில்தான், பத்து வருடத்துக்கும் மேலாக, திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார். பொழுதுபோக்குக்கு எழுதுகிறவர் இவ்வளவு பாடுபட மாட்டார்.

நாவலின் மேத்யூ பிரைஸ் லண்டனில் விரிவுரையாளர். தொழிற்புரட்சிக் காலத்தில் வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கு மக்கள் குடிபெயர்ந்ததை ஆராய்கிறான். புள்ளிவிவரங்கள் கையில் இருக்கின்றன, ஆனாலும் வேலை நகரவில்லை. அப்பா ஹாரிக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வருகிறான். லண்டனில் மேத்யூவாக இருந்தவன் இங்கே வந்து இறங்கியதும் 'வில்' ஆகிவிடுகிறான். வில்லியம்ஸுக்கும் வீட்டில் வேறு பெயர்தான்: ஜிம்.

நாள் முழுக்க டேஷ்போர்டு பார்த்து வேலை செய்கிறவன் நான். மேத்யூவின் சிக்கல் எனக்கு உடனே புரிந்தது. எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்று எண்கள் சொல்லிவிடும். போனவன் திரும்பி வந்து அப்பா பக்கத்தில் உட்காரும்போது ஏன் பேச்சு வரமாட்டேன் என்கிறது என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

இதை வில்லியம்ஸ் உபதேசமாகச் சொல்வதில்லை. 1926 பொது வேலைநிறுத்தத்துக்குக் கதையைக் கொண்டுபோகிறார். ஹாரியும் அவன் நண்பன் மார்கனும் சிக்னல்மேன்கள். ஒன்பது நாளில் போராட்டம் தோற்கிறது. நம்பிக்கை இழந்த மார்கன் வியாபாரத்தில் இறங்கி மேலே வருகிறான்; ஹாரியையும் கூப்பிடுகிறான். ஹாரி போகவில்லை. சிக்னல் கேபினும் தோட்டமும் போதும் அவனுக்கு. மார்கனை நாவல் துரோகியாக்குவதில்லை, ஹாரியைத் தியாகியாக்குவதும் இல்லை. போகிறவனுக்கும் தங்குகிறவனுக்கும் ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மேத்யூ வளர்கிறான்.

குறைகளும் இருக்கின்றன. ஹாரியின் மனைவி எலனும் மேத்யூவின் மனைவி சூசனும் ஆண்கள் யோசிப்பதற்குத் துணையாக நிற்கிறார்களே தவிர, அவர்களுக்கென்று ஓர் உள்ளுலகம் கிடைக்கவில்லை. சமூகத்தையே எழுத நினைத்த நாவலில் இது சின்ன ஓட்டை இல்லை. இதே மேத்யூ மறுபடி வரும் 'தி ஃபைட் ஃபார் மேனாட்' (1979), புதிய நகரம் ஒன்றைக் கட்டும் திட்டத்தைச் சுற்றியது. அங்கே பாத்திரங்கள் வாழ்வதைவிட விவாதிப்பது அதிகம். கோட்பாட்டாளர் நாவலாசிரியரின் கையைப் பிடித்து எழுதவைப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. இலக்கியத்தில் கிராமமும் நகரமும் எப்படி வருகின்றன என்று ஆராயும் 'தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி' (1973) நூலை வில்லியம்ஸ் தன் சொந்தக் கிராமத்தைப் பற்றிப் பேசித்தான் தொடங்குகிறார். அந்தக் குரலை அவர் நாவலில்தான் பழகிக்கொண்டார் என்பது என் வாசிப்பு. எனவே வில்லியம்ஸை வாசிக்கத் தொடங்குகிறவர்கள் 'கீவேர்ட்ஸ்' பக்கம் அப்புறம் போகலாம். முதலில் ஹாரியின் சிக்னல் கேபினுக்குப் போங்கள்.