கன்று பிரியும் பருவம்: அமெரிக்க மாட்டுப்பண்ணை எழுத்தும் முல்லைத்திணையும்

ஒப்பிலக்கிய ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பிறமொழிப் படைப்பொன்றில் மலை வந்தால் குறிஞ்சி, கடல் வந்தால் நெய்தல், மாடு மேய்ந்தால் முல்லை என்று பெயர் சூட்டிவிட்டு, திணைக் கோட்பாடு உலகப் பொதுமை உடையது என்று முடிவு கட்டுவதே அது. இம்முடிவால் நமக்கு ஒரு பெருமிதம் கிடைக்கிறது. எடுத்துக்கொண்ட படைப்பைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. முல்லையைப் பற்றியும் தெரிவதில்லை. அமெரிக்க மேற்கின் மாட்டுப்பண்ணை வாழ்வை எழுதிய மூன்று பெண்களின் உரைநடை நூல்களை, சிறப்பாக அவ்வாழ்வின் இலையுதிர்காலத்தை, முல்லைப்பாட்டோடு அருகருகே வைத்துப் படித்தபோது, இவை ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களைவிடப் பொருந்தாத இடமே மிகுதியாகப் பேசியது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மாட்டுப்பண்ணை என்றவுடன் நம் மனத்தில் எழுவது பால்பண்ணை. அமெரிக்க மேற்கின் ‘ரான்ச்’ அதுவன்று. ‘ரான்ச்சோ’ என்னும் ஸ்பானியச் சொல்வழி வந்த அப்பெயர், இறைச்சிக்கான கன்றுகளை ஈனும் பசுக்கூட்டம் மேயும் பரந்த புல்வெளிப் பண்ணையைக் குறிக்கும். அங்கே விற்பனைக்காகப் பசுவைக் கறப்பதில்லை. மடியில் ஊறும் பால் முழுவதும் கன்றுக்கே. கன்றின் நோக்கிலிருந்து பார்த்தால் நம் ஆயர்பாடியைக் காட்டிலும் அது வளமான வாழ்வுதான், ஆறேழு திங்கள் வரை.

குடும்பம் குடும்பமாக நடத்தப்படும் இப்பண்ணை தொன்மையானதும் அன்று. வேலியற்ற வெளியில் பெருமந்தைகளை மேயவிட்ட பெருமுதலாளிகளின் காலம் 1886–87ஆம் ஆண்டின் கொடும்பனியில் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்காத மந்தைகள் புல்வெளியிலேயே விறைத்து மடிந்தன. 1874இல் காப்புரிமை பெற்றிருந்த முள்கம்பியும், கோடையில் அறுத்து அடுக்கிய புல்லும், வீட்டார் அனைவரின் உழைப்பும் கொண்ட சிறு பண்ணைகள் அதன்பின் பெருகின. ஒரு குளிர்காலத்தின் நினைவில் எழுந்த அமைப்பாதலால் அங்கே ஆண்டு முழுவதும் குளிருக்கான ஆயத்தமாகவே கழிகிறது. அவ்வாயத்தத்தின் உச்சம் இலையுதிர்காலம்.

அப்பருவத்தின் வேலைமுறையைச் சற்று விரித்தே கூறவேண்டும். நூல்களின் உணர்வு அதில்தான் தங்கியிருக்கிறது. குளிர்காலக் கடைசியிலும் இளவேனிலிலும் பிறந்த கன்றுகள் சூடு போடப்பட்டு, கோடையில் தாயோடு தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்திலோ மலைச்சரிவிலோ விடப்படுகின்றன. அக்டோபர் அளவில், பனி வழியை அடைக்கும் முன், குதிரை ஏறிச் சென்று மந்தையைத் திரட்டி வரவேண்டும். பள்ளத்தாக்கு ஒவ்வொன்றிலும் தேடி, எண்ணி, குறையும் மாட்டுக்காக மறுநாளும் செல்லவேண்டும். பின்னர் அடைப்பில் வைத்துக் கன்றை ஒரு வாயிலிலும் தாயை மறுவாயிலிலும் பிரித்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவர் ஒவ்வொரு பசுவுக்கும் சினை பார்க்கிறார். சினை இல்லாத பசு ஓராண்டு வைக்கோலுக்குத் தகுதியற்றது என்பதால் அதுவும் ஏலச் சந்தைக்குப் போகிறது. சில கிடாரிகளை மட்டும் நிறுத்திக்கொண்டு, ஏறத்தாழ 225 முதல் 275 கிலோ வரை எடையுள்ள மற்றக் கன்றுகளை லாரியில் ஏற்றுகிறார்கள். அவற்றை அதட்டி ஓட்டலாகாது. அஞ்சி அலைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் விலை குறையும். எனவே ஆண்டின் மிகக் கொடிய செயல் மிக மென்மையான குரலில் நடைபெறுகிறது. பெரும்பாலான பண்ணைகளுக்கு ஆண்டு வருவாயில் பெரும்பகுதி அந்த ஒரு நாளின் காசோலைதான். அதன்பின் மூன்று நான்கு இரவும் பகலும் தாய்ப்பசுக்கள் வேலியோரம் நின்று கதறுகின்றன. மடி கட்டி, குரல் கம்மி, பிறகு அடங்குகின்றன.

குடும்பம் ஒன்றுசேரும் காலமும் இதுவே. மணமாகிச் சென்ற மகள் வருவாள், நகரத்தில் வேலையிலிருக்கும் மகன் விடுப்பெடுத்து வருவான், பக்கத்துப் பண்ணையார் வருவார். அவருடைய கன்று பிரிக்கும் நாளில் இவர்கள் போவார்கள். நம் சிற்றூர்களில் கூலி பேசாமல் மாற்றாள் போகும் முறையை இது நினைவூட்டுகிறது. சிறுவர்கள் வாயிற்கதவைத் திறந்து மூடக் கற்கிறார்கள். நண்பகலில் ஒரே மேசையில் பதினைந்து பேர் உண்கிறார்கள். மனிதக் குடும்பம் கூடும் அந்த நாள்தான் மாட்டுக் குடும்பம் பிரியும் நாள். இம்முரண் அவ்வெழுத்துகளின் அடியில் எப்போதும் ஓடுகிறது. அதைச் சொல்லிக்காட்டுபவர் சிலர், சொல்லாமல் சமையலறைக்குள் திரும்பிக்கொள்பவர் பலர்.

இனி முல்லைப்பாட்டுக்கு வருவோம். பத்துப்பாட்டில் மிகச் சிறியதான, 103 அடிகள் கொண்ட அப்பாட்டின் தொடக்கத்தில், தலைவிக்காக விரிச்சி கேட்கச் சென்ற முதுபெண்டிர் ஓர் ஆய்மகளின் சொல்லைக் கேட்கிறார்கள். சிறு தாம்பால் கட்டுண்டு வருந்தும் கன்றைப் பார்த்து, கோவலர் பின்னின்று செலுத்த உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று குளிரில் நடுங்கியபடி அவள் தேற்றுகிறாள். அச்சொல்லையே நன்னிமித்தமாகக் கொண்டு, தலைவன் வருவான் என்று முதியோர் தலைவியைத் தேற்றுகிறார்கள். கார்காலம், மாலைப்பொழுது, மந்தை திரும்புதல் என முல்லையின் முதலும் கருவும் முழுவதும் இவ்வொரு தேறுதலுக்காகவே அணிவகுத்து நிற்கின்றன எனலாம். இருத்தல் என்னும் உரிப்பொருள் மனைவியின் கற்பினால் மட்டும் நிலைபெறுவதன்று; மாலையில் தாய்ப்பசு தவறாமல் கன்றிடம் வரும் என்ற பொருளியல் உறுதியின்மேல் அது நிற்கிறது. பாலுக்காக மாடு வளர்க்கும் சமூகத்தில் மட்டுமே அவ்வுறுதி உண்டு. பண்ணையின் இலையுதிர்கால மாலையில் வேலிக்கு இப்பால் நிற்கும் கன்றிடம் அச்சொல்லைச் சொல்ல எந்த ஆய்மகளாலும் இயலாது. சொன்னால் அது பொய்.

மாடு ஒன்று, குளிர் ஒன்று, கன்றின் குரலும் ஒன்று. எனினும் உரிப்பொருள் தலைகீழாகிறது. கருப்பொருளைப் பட்டியலிட்டுத் திணை வகுப்பதில் உள்ள குறை இங்கேதான் வெளிப்படுகிறது.

இக்கருத்தை வகுப்பில் கூறியபோது, பால்மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து வந்த மாணவி ஒருவர், அப்படியானால் நம் காளைக்கன்றுகள் எங்கே போகின்றன என்று கேட்டார். நான் விடை தேடி நின்றது உண்மை. முல்லைப்பாட்டின் அந்தச் சிறு தாம்பை அதன்பிறகுதான் ஊன்றிப் பார்த்தேன். கன்று ஏன் கட்டப்பட்டிருக்கிறது? தாயோடு மேயவிட்டால் பால் முழுவதையும் அதுவே குடித்துவிடும். ஆக, பால் வாழ்விலும் பிரிவு உண்டு. அது நாள்தோறும் நிகழ்ந்து நாள்தோறும் தீரும் சிறு பிரிவு. தலைவி படும் துயரின் அளவும் அத்தகையதே: பருவத்தோடு வருவது, பருவத்தோடு தீர்வது. பண்ணையின் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறை வருவது, தீராதது. காளைக்கன்று பற்றி நம் பாட்டு எதுவும் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

மூன்று நூல்களுள் நடையழகில் முதலிடம் கிரெட்டல் எர்லிக்கின் ‘தி சோலஸ் ஆஃப் ஓப்பன் ஸ்பேசஸ்’ (1985) நூலுக்கு உரியது. ஆட்டிடையர்களைப் பற்றிப் படமெடுக்க 1976இல் வயோமிங் சென்றவர், அங்கேயே தங்கிப் பண்ணைப் பெண்ணானவர். நூலின் இறுதிக் கட்டுரை இலையுதிர்காலத்தைப் பற்றியது. முதிர்வும் இறப்பும் ஒன்றே என்ற நோக்கில் புயலையும் சோளக்கொல்லையையும் எல்க் மான்களையும் அவர் காண்கிறார். உயர்ந்த உரைநடை அது. ஆனால் இலைக்குப் பொருந்தும் அம்மெய்ம்மை கன்றுக்குப் பொருந்துமா என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. இலை தானே உதிர்கிறது. கன்றை ஒருவர் வாயில் திறந்து பிரிக்கிறார்.

லிண்டா ஹாசல்ஸ்ட்ராமின் ‘விண்ட்பிரேக்’ (1987) இதற்கு நேர்மாறானது. தெற்கு டகோட்டாவில், ஒன்பதாம் வயதில் வளர்ப்புத் தந்தையின் பண்ணைக்கு வந்து சேர்ந்தவர் எழுதிய ஓராண்டு நாட்குறிப்பு. தேதி, அன்றைய குறைந்த வெப்பநிலை, கூடிய வெப்பநிலை, பிறகு வேலை. முதல் வாசிப்பில் சலிப்பூட்டும். எனக்கும் ஊட்டியது. எனினும் மாட்டுவேலை, வீட்டுவேலை, எழுத்துவேலை மூன்றும் ஒரே பத்தியில் தரம் பிரிக்கப்படாமல் நிற்பதே அந்நூலின் கொள்கை என்பது மெல்லத்தான் புலப்படும். பிரித்தலையே தொழிலாகக் கொண்ட ஒரு வாழ்வைப் பிரிக்காமல் எழுதியிருக்கிறார். உணர்ச்சியைத் தனியே எடுத்துச் சொல்லாமல் வெப்பநிலைக்குப் பக்கத்தில் வைத்துவிடும் அடக்கம், சங்கப்பாடலைப் பயின்றவர்க்கு அயலானதன்று.

ஜூடி பிளண்டின் ‘பிரேக்கிங் க்ளீன்’ (2002) கேட்கும் கேள்வி வேறு. மான்டானாவின் பிலிப்ஸ் மாவட்டத்தில் 1954இல் பிறந்து, பதினெட்டு வயதில் அண்டைப் பண்ணையாரை மணந்து, 1986இல் மூன்று குழந்தைகளோடு வெளியேறியவர் அவர். மந்தை ஓட்டவும் கன்று ஈனச்செய்யவும் அறிந்த பெண்ணுக்கு நிலத்தில் உரிமை இல்லை. நிலம் ஆண்வழியே செல்லும். வேலையாட்களுக்கு மதிய உணவு தாமதமானதற்காக மாமனார் தம் தட்டச்சுப்பொறியைச் சம்மட்டியால் உடைத்தார் என்று அவர் எழுதிய காட்சி பெரிதும் பேசப்பட்டது. நூல் வந்த ஆண்டிலேயே கேள்வி எழுந்தபோது, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கூச்சலிட்டதே நடந்தது என்று அவர் ஒப்புக்கொண்டார். இது சிறு பிழையன்று. தன்வரலாற்றில் சம்மட்டி என்றால் சம்மட்டி இருந்திருக்க வேண்டும். உண்மையில் நடந்ததே போதுமான அளவு கொடியது என்பதை எழுத்தாளர் நம்பாமற்போனது எனக்கு வருத்தமளிக்கிறது. எனினும், குடும்பம் கூடி உழைக்கும் காலம் என்று நாம் போற்றுகிற பொழுதின் கடிகாரம் யார் கையில் இருந்தது என்று அவர் கேட்டதன் வலிமை அதனால் குறையவில்லை.

இக்கேள்வியோடு பெரும்பாணாற்றுப்படைக்குத் திரும்பினால் அங்கே ஓர் ஆய்மகள் நிற்கிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று தானியத்துக்கு மாற்றுகிறாள். நெய்யின் விலைக்குப் பொன் வேண்டாது எருமையும் பசுவும் கொள்கிறாள். முதலீடு பற்றிய முடிவு அவளுடையது. அவள் யாருக்காகவும் காத்திருப்பதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறவில்லை. முல்லை என்றாலே காத்திருக்கும் பெண் என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். இருத்தல் தலைவிக்கு உரியது, ஆய்மகளுக்கு வேலை இருந்தது. பிளண்டைப் படிக்காமல் இருந்திருந்தால் இவ்வேறுபாட்டை நான் இத்தனை கூர்மையாகக் கண்டிருக்க மாட்டேன்.

திணைக் கோட்பாடு இந்நூல்களுக்கு உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. அது அகத்தில் இல்லை, புறத்தில் இருக்கிறது. தொல்காப்பியர் முல்லைக்குப் புறனாக வஞ்சியை வைத்தார். மண்ணாசையால் வேற்று நிலத்தின்மேல் படையெடுக்கும் ஒழுக்கம் அது. காடும் புல்வெளியுமான நிலத்தில் வீட்டாரின் அமைதிக்கும் நிலம் கொள்ளும் போருக்கும் உறவு கண்ட நுட்பம் அது. அமெரிக்கப் பண்ணைக்கு இதைவிடப் பொருந்தும் இலக்கணம் இல்லை. அப்புல்வெளியில் வாழ்ந்த காட்டெருமைகள் 1880களுக்குள் ஏறத்தாழ அழிக்கப்பட்டன. பிளண்டின் மாவட்டத்தையும் தொடும் ஃபோர்ட் பெல்க்னாப் ஒதுக்கிடத்தில் அசினிபாயின், குரோ வான்ட் மக்கள் 1888இல் சுருக்கப்பட்டனர். ஹாசல்ஸ்ட்ராமின் பண்ணைக்கு மேற்கே எழும் பிளாக் ஹில்ஸ், 1868 உடன்படிக்கையை மீறி 1877இல் லகோட்டா மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது; 1980இல் உச்சநீதிமன்றம் வழங்கச் சொன்ன இழப்பீட்டை ஏற்க அவர்கள் மறுத்தனர். இந்நூல்களின் நடுவிடத்தில் குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. நிலம் எவ்வாறு வந்தது என்பது விளிம்பில் நிற்கிறது. கன்று பிரிப்பதை இத்தனை நேர்மையாக எழுதியவர்கள், மேய்ச்சல் நிலத்திலிருந்து மக்கள் பிரிக்கப்பட்டதை ஏன் அதே அளவில் எழுதவில்லை என்று கேட்கும் உரிமையை வஞ்சியே நமக்குத் தருகிறது.

நப்பூதனார் பாட்டில் இரண்டும் ஒருசேர உள்ளன. ஆய்மகள் கன்றைத் தேற்றும் பாடிக்கு அப்பால், அதே முல்லை நிலத்தில் அரசனின் பாசறை அமைகிறது. அதற்கு இடம் செய்யக் காட்டைத் திருத்துகிறார்கள். அங்கிருந்த வேட்டுவரின் சிறுவாயில் அரண்களை அழிக்கிறார்கள். புலவர் அதற்கு ஓர் அடியே ஒதுக்குகிறார். அவ்வேட்டுவர் எங்கே சென்றனர் என்று நம் உரைகளும் இன்றுவரை கேட்டதில்லை.