யானையும் கம்பியும்

மிருகத்தை வரைவது சுலபம். மிருகத்துக்கு நேர்ந்ததை வரைவதுதான் கடினம். நம் நவீன ஓவியம் பெரும்பாலும் முதல் காரியத்தோடு திருப்தியடைந்துவிட்டது. ஹுசேனின் குதிரை குதிரையல்ல; வேகம், வீர்யம் என்று நாம் சூட்டிய பெயர்களைச் சுமக்கும் வாகனம். தையப் மேத்தா இன்னும் கிட்டே போனவர். 1970இல் எடுத்த குறும்படத்துக்காக (‘கூடல்’ என்ற அதன் பெயர் தமிழ்) பாந்த்ரா கசாப்புக்கூடத்துக்குள்ளேயே காமிராவைக் கொண்டு சென்றார். ஆனால் அவர் ஓவியங்களில் கட்டுண்டு கிடக்கும் மாடும் கடைசியில் மனிதனின் அவஸ்தைக்குப் படிமமாகிவிடுகிறது. சாவுகூட மாட்டுக்குச் சொந்தமாக இல்லை.

இந்த நிலையில் கூடலூர்ப் பக்கத்து உண்ணிச்செடி யானைகள் முக்கியமானவை. காட்டை மூடி, யானையின் மேய்ச்சலைத் தின்றுவிட்ட அந்நியப் புதர் உண்ணிச்செடி. அதை வெட்டி, பட்டை உரித்து, கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்துப் பெட்டக்குறும்பரும் பணியரும் காட்டுநாயக்கரும் முழு உருவ யானைகளாக்குகிறார்கள். ஒவ்வொன்றும் அந்த மலையில் மனிதரிடையே நடமாடும் ஒரு குறிப்பிட்ட யானையின் சாயல். 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவில் வரிசையாக நின்றன. பொருளே விஷயமாகிவிட்ட சிற்பம் இது. ஆனால் நியூயார்க் தெருவில் அதைத் தடவிப் பார்ப்பவனுக்குக் கிடைப்பது சாந்தம்தான். வந்து நிற்கும் யானையைப் பார்க்கிறான். வந்ததால் செத்த யானையை அல்ல.

செத்ததை மாரண்டஹள்ளி அறியும். 2023 மார்ச் முதல் வாரத்தில், ஊருக்கு அருகே காளிகவுண்டன்கொட்டாயில், பயிர்க் காவலுக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று பெண் யானைகள் விழுந்தன. இரண்டு குட்டிகள் எஞ்சின. ஒரு வாரத்துக்குள் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தின் ரகுவும் மின்சாரத்துக்குத் தாயைப் பறிகொடுத்த குட்டிதான். படம் அதைச் சொல்லாமலில்லை. சொல்லிவிட்டு அன்புக்குள் போய்விடுகிறது. கம்பி கதையின் முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது.

கலை வனத்துறை அறிக்கையல்ல என்று சொல்லலாம். உண்மை. ஆனால் இதே வட்டாரம் வேறொரு கலையை அறிந்திருந்தது. தருமபுரி, செங்கம் பகுதிகளின் நடுகற்களில் வீரன் மட்டும் இல்லை; அவன் உடம்பில் தைத்த அம்பும் இருக்கிறது, சண்டைக்குக் காரணமான மாடும் இருக்கிறது. எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்றில், வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அதற்குக் கோவிவன் என்று பெயர் உண்டு. கள்ளர் இருவரைக் கடித்தது என்று செய்தியும் உண்டு. அந்தச் சிற்பி நாயை விசுவாசத்தின் குறியீடாக்கவில்லை. யார், எங்கே, எதனால் என்று கல்லிடம் ஒப்படைத்தான். அதனால்தான் அது இன்றும் நாயாகவே நிற்கிறது.

நம் கலைஞனிடம் இல்லாதது கைத்திறன் அல்ல, இந்தக் கணக்கு. அதில் மின்வேலி போட்டவனுக்கும் இடம் உண்டு. அவனை வில்லனாக்கிவிட்டால் அதுவும் இன்னொரு சௌகரியமான பிம்பம்தான். விளைந்த காடும் பசித்த யானையும் ஒரே கல்லில் வர வேண்டும். உண்ணிச்செடி யானை அதற்கு வெகு அருகில் வந்திருக்கிறது. கம்பி அதனுள்ளேயே இருக்கிறது. இன்னும் வெளியே தெரியவில்லை.