கல் பழகும் நாட்கள்

ஜெபல் ஹஃபீத் மலையடியில் பேரீச்சந்தோப்புகள் சூழ அமைந்த அல் ஐன் நகரில் தென்னிந்திய உணவகம் ஒன்று புதிதாகத் திறக்கப்படும்போது, போட்டியாளர்களாக நிற்க வேண்டிய பிற கடை மாஸ்டர்களே அதற்கு ஆலோசகர்களாகவும் அமைவது வளைகுடாச் சமையலர்களிடையே காணப்படும் ரசிக்கத்தக்க வழக்கமாகும். ஒரு நிறுவனத்தின் விசாவில் இருப்பவர் உரிய அனுமதியின்றி வேறோர் அடுக்களையில் வேலை செய்யச் சட்டம் இடந்தராததால், இவ்வுதவி பெரும்பாலும் யோசனையாகவும், அவசரத்துக்குக் கைமாற்றாகத் தரும் உளுந்து மூட்டையாகவுமே அமைகிறது.

இட்லி மாவுதான் முதற்சோதனை. கோடையில் வெளியே 45 பாகையைத் தாண்டும் வெப்பமும் உள்ளே குளிரூட்டியின் குளிர்ச்சியும் ஊரில் பழகிய கைக்கணக்கைப் பொய்யாக்கிவிடுவதால், எப்போது அரைப்பது, உப்பை எந்நேரம் சேர்ப்பது, பொங்கிய மாவை எப்போது குளிர்பெட்டிக்கு மாற்றுவது என்பவற்றை அவ்வூரில் ஒரு கோடையையேனும் கடந்தவரிடம் கேட்டறிவதே நலம்.

அடுத்தது கல்லைப் பழக்குதல். அதாவது, புதிய இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சூடேற்றி, பாதியாக நறுக்கிய வெங்காயத்தால் தேய்த்து, எண்ணெய் மெல்லிய கரும்படலமாக இறுகும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தல். முதல் தோசைகள் கிழிந்தே வரும் என்றும், அதற்காகக் கல்லைச் சோப்பிட்டுச் சுரண்டலாகாது என்றும் மூத்த மாஸ்டர் எச்சரிப்பார். சாம்பார்ப்பொடியின் அளவை மட்டும் எவரும் எளிதில் சொல்வதில்லை, கேட்பதும் நாகரிகமன்று.