நண்பர் கூட்டத்தில் நாவல்

கவிதையைக் கூட்டத்தில் வைத்துச் சுவைக்கலாம். நாவலை அவ்வாறு சுவைத்தல் எளிதன்று. ஒரு பாடலை ஒருவர் இரண்டு முறை பாடிக் காட்டினால், அவையிலுள்ள அனைவர் முன்னும் அப்பாடல் முழுமையாக வந்து நிற்கும். நெல்லை வண்ணாரப்பேட்டையில் இரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி அத்துணைப் புகழ் பெற்றதற்கு அவருடைய இரசனைத் திறனே தலையாய காரணம். கம்பன் பாடல் நான்கே அடிகளில் முடிந்துவிடுவது மற்றொரு காரணம். முந்நூறு பக்க நாவலோ, கூட்டம் தொடங்குவதற்கு முன்னரே ஒவ்வொருவராலும் தத்தம் வீட்டில், பல இரவுகளில், தனிமையில் படித்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு படிக்கப்படாதபோது கூட்டத்திற்கு வருவது நாவலன்று. அதன் பெயர் மட்டுமே.

டி.கே.சி.யிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த கு. அழகிரிசாமி 1952ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியேற்றார். 1957 வரை இந்நாட்டில் தங்கியிருந்த அவர், உள்ளூர் எழுத்தாளர்களை இலக்கிய வட்டமாகக் கூட்டிக் கதைகளைப் பற்றிப் பேச வைத்தார். அதற்குச் சற்று முன்னர், 1950இல், அதே நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். இம்முயற்சிகள் மலாயாச் சிறுகதைக்கு அளித்த ஊக்கம் பெரிது. ஆயினும் இவை எழுதப் பழக்கும் நோக்கில் பிறந்தவை. பின்னர் ஆங்காங்கே தோன்றிய வாசகர் கூட்டங்களிலும் அந்த வகுப்பறை வாடை ஓரளவு ஒட்டிக்கொண்டே வந்துள்ளது எனலாம். நடை நன்று, உரையாடல் பரவாயில்லை, முடிவு செயற்கை என்று மதிப்பெண் இடுவதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு சிறுகதைக்கு இதுவேனும் பொருந்தும். ஒரு நீண்ட வாழ்க்கையை விரித்துரைக்கும் நாவலுக்கு இந்த அளவுகோல் போதாது.

நூல் வெளியீட்டு விழா என்பது வேறு வகை. ஆங்கே முதல் நூல் பெறுவோர் உறையில் பணம் வைத்து அளிப்பார். மற்றவரும் வரிசையில் நின்று பெறுவர். எழுத்தாளரின் அச்சகக் கடனில் ஒரு பகுதி அடைபடும். இதில் இழிவு ஒன்றுமில்லை. வெளியீட்டாளர் துணையின்றித் தன் கைப்பொருளைச் செலவிட்டு நூல் அச்சிடும் எழுத்தாளருக்கு இவ்வழக்கமே கைகொடுத்து வந்திருக்கிறது. எனினும் அவ்விழாவில் விற்ற நூல்களுள் எத்தனை திறக்கப்பட்டன என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்கக்கூடிய இடம், மாதம் ஒருமுறை ஒரு வீட்டுக் கூடத்தில் கூடும் ஏழெட்டு நண்பர்களின் குழு ஒன்றுதான். அதனாலேயே அக்குழுவின் குறைகள் பொறுப்புடன் ஆராயத்தக்கவை.

முதற்குறை, கதைச் சுருக்கம் கூறுதல். பேச எழுபவர் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. படித்தவர்க்கு அது வீண். படிக்காதவர்க்கு அது தப்பிக்கும் வழி. இரண்டாவது குறை, பொன்மொழி திரட்டுதல். மு. வரதராசனின் நாவல்களைத் தேர்வுக்காகப் படித்து வளர்ந்த தலைமுறையிடம் இப்பழக்கம் ஆழமாகவே வேரூன்றியுள்ளது. அவருடைய மாந்தர் வாழ்க்கையைப் பற்றி நிரம்பச் சிந்திப்பவர்கள். அடிக்கோடிடத்தக்க வரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைத் தொகுத்துக்கொண்டு வந்தால் பதினைந்து நிமிடங்கள் தடையின்றிப் பேசிவிடலாம். ஆனால் அவ்வாறு அடிக்கோடிட இடம் தராத நாவல் கையில் கிடைக்கும்போது குழு திகைத்துப் போகிறது. (ஆசிரியர்கள் மிகுந்த குழுவில் இவ்விரு குறைகளும் இருமடங்கு.)

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை எடுத்துக்கொள்ளலாம். கலைமகள் பரிசு பெற்று 1959இல் நூலாக வந்தது. போர் ஓய்ந்த பினாங்கே களம். வயிரமுத்துப் பிள்ளையின் லேவாதேவிக் கடையில் பணிபுரிந்த செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போராடியவன், முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான், அவளும் விரும்புகிறாள், பிள்ளை மறுக்கிறார். இவ்வளவே கதையென்று கொண்டால், குழுவின் பேச்சு எவ்வழி செல்லும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிள்ளை கல்நெஞ்சர் என்பார் ஒருவர். செல்லையா அவளை அழைத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்பார் இளைஞர் ஒருவர். பண ஆசையின் கொடுமை என்று தலைமை வகிப்பவர் முடித்து வைப்பார்.

நூலுக்குத் திரும்பினால் இம்மூன்றும் தளர்ந்துவிடும். பிள்ளை கொடியவர் அல்லர். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பி மீண்டும் கப்பலேறும் ஒரு தொழில் மரபின் மனிதர் அவர். அம்மரபு பணிவையும் பொறுமையையும் முதலாகக் கொண்டது. கடன்காரனின் வசவைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வட்டியை வாங்கி வர வேண்டும். துப்பாக்கி பிடித்த கை இனி அதற்கு வளையாது என்பது அவர் அச்சம். அந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு என்பதை வாசகன் உணரும்போதுதான் மரகதத்தின் கண்ணீர் கனக்கிறது. அதைவிட அரிய கேள்வி ஒன்றும் உண்டு. போர்க்களம் கண்ட செல்லையா ஏன் அடங்கிப் போகிறான்? அவனும் அக்கடையின் பிள்ளை என்பதே விடையாக இருத்தல் கூடும். அவனுக்குள்ளும் ஒரு வயிரமுத்துப் பிள்ளை இருக்கிறார். இதனை மறுத்துரைக்க எண்ணுபவர் நூலைத் திறந்து இறுதி அத்தியாயங்களை உரக்கப் படித்துத்தான் மறுக்க முடியும். குழு உண்மையில் தொடங்குவது அந்த நேரத்தில்தான்.

இத்தகைய நாவலைப் பேசுவதற்கு மலேசிய வாசகரிடம் தமிழகத்தார்க்கு வாய்க்காத ஒரு செல்வம் உண்டு. பினாங்கின் ஐந்தடிப் பாதையில் நடந்து பழகிய கால்கள் அவருடையவை. பாட்டனார் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதியவராகவும் இருக்கலாம். இச்செல்வமே இடையூறாவதும் உண்டு. பாட்டனார் கதை தொடங்கிவிட்டால் சிங்காரம் ஓரமாக ஒதுங்கிவிடுகிறார். மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் இடையில் அமர்வதில்கூட முறை இருந்தது என்று ஒருவர் நினைவுகூர்வாரானால், அந்நினைவு எந்தப் பக்கத்திற்கு ஒளி தருகிறது என்பதையும் அவரே காட்டுதல் வேண்டும்.

சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். இரண்டாவதான 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. மெடானும் பினாங்கும் அதில் உயிரோடு நடமாடுகின்றன. அதன் பின்னர் 1997இல் மறையும் வரை அவர் மூன்றாவது நாவல் தரவில்லை. வெளிவந்த காலத்தில் அந்நூலுக்கு உரிய கவனம் கிட்டவில்லை. பெருமை பின்னரே வந்தது. அவர் எழுதிய தெருக்களிலேயே வாழ்ந்த வாசகர்கள் அன்று அதனைக் கூடிப் பேசியிருந்தால் அவர் மேலும் எழுதியிருப்பாரா என்று கேட்பதில் பயனில்லை. ஆனால் இன்று எழுதுவோர் பொருட்டு அக்கேள்வி எழாமல் இல்லை.

உள்நாட்டு நாவல் பேசப்படும்போது சிக்கல் வேறு. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் - பர்மா இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் அத்துயரத்தை ஏட்டில் ஏற்றின. இவற்றைப் பற்றிய கூட்டத்தில் எவரும் கட்டமைப்பைக் குறித்து வாய் திறக்கத் தயங்குகின்றனர். நாவலில் குறை காண்பது மாண்டவர்களைக் குறை கூறுவதாகிவிடுமோ என்ற கூச்சம் அது. மதிக்கத்தக்க கூச்சமே. ஆயினும் சாட்சியம் ஒன்று, நாவல் ஒன்று. வண்டியேற்றப்பட்ட மனிதன் அதற்கு முந்தைய நாள் என்னவாக இருந்தான், எதற்குச் சிரித்தான், எவரிடம் கடன்பட்டிருந்தான் என்பதை ஆசிரியர் காட்டியிருக்கிறாரா என்று கேட்பது மாண்டவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது.

எழுத்தாளரே அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தால் கூச்சம் இன்னும் மிகுதியாகிறது. வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என்று முறைப்படி எல்லாம் நடைபெறுகின்றன. பொன்னாடையுடன் அவர் வீடு திரும்புகிறார். இருநூறாம் பக்கத்திற்கு மேல் கதை எங்கே தொய்கிறது என்பதை அங்கே வந்திருந்தவர்களுள் ஒருவரேனும் அறிந்திருந்தார், சொல்லவில்லை.