ஆறு டேங்கர் என்றால் எத்தனை டேங்கர்?

வானத்தில் பறந்துகொண்டே போர் விமானங்களுக்கு எரிபொருள் ஊற்றும் டேங்கர்கள் நம் விமானப்படையிடம் ஆறு இருக்கின்றன. எல்லாம் இல்யூஷின்-78. ஆக்ராவில் இருக்கும் 78-ஆம் எண் ஸ்குவாட்ரன் 2003 முதல் இவற்றை இயக்குகிறது. "ஆறு போதாது, இன்னும் வேண்டும்" என்ற பேச்சு 2006-இலேயே ஆரம்பித்துவிட்டது. இருபது வருஷம் ஆச்சு, ஏழாவது டேங்கர் சொந்தமாக வரவில்லை.

இதைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஒரே வழக்கைத்தான் சொல்கிறார்கள்: சீனாவிடம் இத்தனை, நம்மிடம் ஆறு. என்னுடைய குறை அந்த "ஆறு" மேல்தான்.

2017-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கையை எடுத்துப் பாருங்க. 2010 முதல் 2016 வரை இந்த டேங்கர்கள் பறக்கத் தயாராக இருந்த அளவு சராசரி 49 சதவீதம். இருக்கவேண்டியது 70. ஆறில் 49 சதவீதம் என்றால் 2.94. அதாவது காகிதத்தில் ஆறு, எந்த ஒரு நாளிலும் கைக்குக் கிடைப்பது மூன்றுகூட இல்லை. 70 சதவீதம் எட்டியிருந்தால் 4.2 கிடைத்திருக்கும். பராமரிப்பை அப்படியே விட்டுவிட்டு, விமானம் வாங்கியே அந்த 4.2-ஐ எட்டவேண்டும் என்றால் மொத்தம் எட்டரை, அதாவது ஒன்பது விமானம் வேண்டும். பராமரிப்பு ஓட்டையை அடைக்க மட்டும் மூன்று புது டேங்கர்!

எங்க வேலம்பாளையத்தில் இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஷெட்டில் பத்து ஓவர்லாக் மிஷின் நிற்கும். ஐந்துக்கு ஸ்பேர் இல்லை, மெக்கானிக் வரவில்லை. பையர் மிஷினை எண்ணமாட்டார், ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் என்றுதான் கேட்பார். இல்யூஷினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இவை தயாரானது தாஷ்கண்ட் தொழிற்சாலையில். சோவியத் உடைந்தபின் அது உஸ்பெகிஸ்தான். அங்கே உற்பத்தி நின்று, ரஷ்யாவின் உல்யானொவ்ஸ்க்குக்குப் போய்விட்டது. மிஷின் செய்தவனே கடையை மூடிய கதை.

வாங்கும் முயற்சிகளைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. 2006 டெண்டரில் ஏர்பஸ் ஏ330 எம்ஆர்டிடி தேர்வானது. விலை அதிகம் என்று நிதி அமைச்சகம் எதிர்க்க, 2010-இல் ரத்து. அதே வருஷம் மறு டெண்டர். 2013 ஜனவரியில் மறுபடியும் அதே ஏ330 தேர்வு. விலையிலும் ஆயுட்காலச் செலவிலும் இழுபறி. 2016-இல் மறுபடியும் ரத்து. ஆயுட்காலச் செலவைக் கணக்கிடவேண்டும் என்பது சரியான கொள்கை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் புதியதற்கு அத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர்கள், ஏற்கனவே வைத்திருக்கும் ஆறில் பாதி தரையில் நிற்பதன் செலவை எந்தக் கட்டத்தில் எழுதினார்கள்?

இது டெல்லி விவகாரம் மட்டும் இல்லைங்க. நமக்குப் பக்கத்துச் சூலூரில் தேஜஸ் விமானங்கள் இருக்கின்றன. தேஜஸ் சின்ன விமானம், டாங்கியும் சின்னது. 2018 செப்டம்பரில் ஒரு தேஜஸ் முதன்முறையாக வானிலேயே 1,900 கிலோ எரிபொருள் வாங்கியது. கொடுத்தது இந்த இல்யூஷின்தான். தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய்-30 ஸ்குவாட்ரன், இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்க. டேங்கர்களின் தாய்வீடான ஆக்ராவோ தஞ்சையிலிருந்து நேர்கோட்டில் 1,800 கிலோமீட்டர்.

அரக்கோணம் கதை இன்னும் விசேஷம். அங்கே இருக்கும் கடற்படையின் பி-8ஐ விமானம் வானில் எரிபொருள் வாங்கக்கூடியது. ஆனால் அதற்கு வேண்டியது நீளும் குழாய்க் கம்பி, 'பூம்' என்பார்கள். இல்யூஷினில் இருப்பது நுனியில் கூடை மாட்டிய ரப்பர் ஹோஸ். ரெண்டும் சேராது. நம்முடைய ஆறு டேங்கரும் பி-8ஐ கணக்கில் பூஜ்யம்.

2025 மார்ச்சில் மெட்ரியா என்ற நிறுவனத்திடம் ஒரே ஒரு கேசி-135 விமானத்தைப் பாதுகாப்பு அமைச்சகம் 'வெட் லீஸ்' எடுத்தது. டிரைவரோடு வாடகை வண்டி மாதிரி. விமானப்படை, கடற்படை விமானிகளின் பயிற்சிக்கு மட்டும். ஜாப் ஒர்க் கொடுப்பது என்று கேலி பேசலாம். எனக்கு இது நல்ல முடிவாகவே படுகிறது. பயிற்சிக்காக இல்யூஷினைத் தேய்க்கவேண்டாம், அது நிஜத் தேவைக்கு மிஞ்சும். அமெரிக்காவில் கேசி-135-களில் பெரும்பகுதியை ரிசர்வ் மற்றும் நேஷனல் கார்டு பிரிவுகள்தான் ஓட்டுகின்றன. நமக்கு அப்படி ஒரு இரண்டாம் வரிசையே கிடையாது.

அடுத்து வருவது, 2025 அக்டோபர் செய்திகளின்படி, பழைய போயிங் 767 ஆறை டேங்கராக மாற்றித் தரும் இஸ்ரேலின் ஐஏஐ நிறுவனத் திட்டம். சுமார் 8,000 கோடி ரூபாய். பழசு என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. 767 உலகம் முழுக்க சரக்கு ஏற்றிப் பறக்கிற வண்டி, பாகம் கிடைக்கும். ஒப்பந்தம் வரட்டும், இரண்டு விஷயத்தைத் தேடுவேன். பூம் உண்டா? வருஷத்துக்கு இத்தனை சதவீதம் பறக்கத் தயாராக இருக்கும் என்று விற்பவர் கையெழுத்துப் போடுகிறாரா? நம்முடைய சி-17 சரக்கு விமானங்களுக்கு போயிங்குடன் அப்படிப்பட்ட பராமரிப்பு ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது.